மழை சென்னையில், படபடப்பு மீன்சுருட்டியில்

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. கும்பகோணம் சாலையில் இருக்கும் மீன்சுருட்டிக்குச் சென்னை என்பது ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் இறங்கும் ஊர். படிப்புக்கோ கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ அங்கே பிள்ளையை அனுப்பாத தெரு இந்தப் பக்கம் குறைவு. வெள்ளத்தில் சிக்கியவர்களின் உடல்நலம் பற்றி அப்போது நிறையப் பேசினோம். ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

உடம்பு தூரம் பார்ப்பதில்லை

ஆபத்து நமக்கா பிள்ளைக்கா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. அட்ரினலின், கார்ட்டிசால் ஹார்மோன்கள் சுரக்கின்றன. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. ஓடவோ போராடவோ வேண்டியவனுக்கு அது உதவும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயது சர்க்கரை நோயாளிக்கு அது கேடு.

நெஞ்சு வலித்தால் “கவலையிலதான்” என்று தள்ளிவிடுவது இன்னும் பெரிய கேடு. கடும் அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாக வலுவிழக்கும் ‘டகோட்சுபோ’ என்ற நிலையை 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். 2004-ல் அங்கே நீகாட்டா நிலநடுக்கம் வந்தபோது அது கூடுதலாகக் காணப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம். அதுவா, மாரடைப்பா என்று ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

“எனக்குச் சோறு எப்படிப்பா எறங்கும்?”

புள்ள போன் எடுக்கவில்லை என்றால் அப்பாயி கேட்கும் முதல் கேள்வி இதுதான். அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. சோறு வேண்டாம் என்றால் கஞ்சி, மோர், இரண்டு இட்லி, எதுவாவது உள்ளே போகட்டும்.

ஏனென்றால் நான் அதிகம் பயப்படுவது மாத்திரை விஷயத்தில்தான். பிரஷர் மாத்திரையை மறந்துவிடுவார்கள். இரண்டு நாளில் அழுத்தம் எகிறும். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து: வழக்கம்போல் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பது. கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சாப்பிடவே முடியாத நாளில் இன்சுலினை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், வழக்கமான அளவில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். அடுப்படியில் நிற்கும் மருமகளிடமோ பேத்தியிடமோ மாத்திரைப் பொறுப்பைக் கொடுத்துவிடுவது நல்லது.

போன் எடுக்காததற்குக் காரணம்

மின்சாரம் போனால் செல்போன் டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஜெனரேட்டரில். அதற்கு டீசல் கொண்டுபோகும் வண்டி வெள்ளத்தில் போக முடியாது. 2015-ல் சென்னையின் பல பகுதிகளில் போன் செத்துக்கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற குரலுக்குப் பெரும்பாலும் டவர் இல்லை, சார்ஜ் இல்லை என்றுதான் அர்த்தம். டவர் கிடைத்தாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலு பேர் அடித்தால் மிச்சச் சார்ஜும் தீரும். வீட்டில் ஒருவர் மட்டும் கூப்பிடட்டும். சிக்னல் மெலிந்தாலும் போகக்கூடிய குறுஞ்செய்தி ஒன்று அனுப்பட்டும். திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் ஒரு உறவினரை இரு பக்கமும் தகவல் சொல்லும் ஆளாக மழைக்காலத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆளைத் தேட வேண்டிய நிலை வந்தால் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

டிவியை அணையுங்கள்

2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளையே பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகம் என்று ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாக வெள்ளம் வருகிறது என்றே சின்னப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை செய்தி போதும். டீக்கடை டிவியை யார் அணைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பை இன்னும் தள்ளி வையுங்கள்: 2015-ல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும், இன்னும் பேய்மழை வரும் என்று நாசா சொன்னதாகவும் வந்த இரண்டுமே பொய்.

போன் வந்த பிறகு

“நல்லா இருக்கேம்மா” என்ற குரல் கேட்டதும் சிலருக்கு உடம்பு தளர்ந்துவிடும், தலைவலி வரும், சில நாள் தூக்கம் கெடும். இயல்புதான், தானாகச் சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராமல், மழைச் சத்தத்துக்கே படபடத்தால் 14416-ல் டெலி மானஸ் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடமோ இரண்டையும் அளந்து, அளவுகளை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.