நிலத்தை விடுங்கள், சுவரைப் பிடியுங்கள்: சின்ன வீட்டின் முன்பகுதியை ஒழுங்காக்குவது எப்படி?

இந்திய வீட்டுத்திட்டத்தின் பிரதான கட்டம் 2012 ஒக்ரோபரில் தொடங்கியது. புதிதாக வீடு கட்டும் குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகள் பலவற்றின் அளவு இதுதான். பூநகரிப் பிரதேச செயலர் பிரிவில் இருக்கும் ஜெயபுரத்திலும் நான் காண்பது ஒரே பிரச்சினைதான். சுவரும் கூரையும் வந்துவிட்டன. சாமான் வைக்கத் தனியிடம் இல்லை. அதனால் எல்லாம் வாசலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன நடையில் வந்து குவிகின்றன. சைக்கிள், நெல் மூட்டை, தண்ணீர்க் கான், பள்ளிக்கூடப் பை, மண்வெட்டி, செருப்பு என்று பட்டியல் நீளும். இரவில் அதே இடத்தில் யாரோ பாய் விரித்துப் படுக்கவும் வேண்டும்.

இது அழகு பற்றிய விடயம் அல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. நிலத்தில் தூங்குபவர்களையே அது பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலிக்காமலும் இருக்கலாம், தடம் தெரியாமலும் போகலாம். விடியற்புறம் வயிற்று நோவு, இமை சொருகுதல், மூச்சுத் திணறல் என்று தொடங்கும்போதுதான் பலருக்கு விளங்குகிறது. மூட்டைக்கு எலி வரும். எலிக்கும் இருட்டு மூலைக்கும் பாம்பு வரும். ஆகவே முதல் விதி, நிலம் வெறுமையாக இருக்க வேண்டும்.

முதலில் நடுவே 3 அடி அகலப் பாதையைச் சோக்கால் கோடு போட்டு ஒதுக்குங்கள். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பாவிப்பவர் தடையின்றிப் போக அந்த அகலம் தேவை. போரில் கால் இழந்தவர்கள் உள்ள வீடுகளில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கோட்டுக்குள் வரும் சாமான் எதுவாயினும் இடம் மாற வேண்டும்.

அடுத்தது சுவர். சீமெந்துக் கல்லில் வெறும் ஆணி அடித்தால் பூச்சு உதிரும், ஆணி ஆடும். துளையிட்டு, பிளாஸ்ரிக் செருகியை வைத்து, திருகாணியால் இறுக்குங்கள். தோள் உயரத்தில் ஒரு பலகையும் கொழுக்கிகளும் போதும். குடை, ஹெல்மெட், பை எல்லாம் ஏறிவிடும். பிள்ளைகளின் பைக்கு அவர்களுடைய கை எட்டும் உயரத்தில் வேறு கொழுக்கி வையுங்கள். எட்டாவிட்டால் பை திரும்பவும் நிலத்துக்குத்தான் வரும்.

செருப்பைக் குவிக்காமல், தரையிலிருந்து ஓரடி உயர்த்திய தட்டில் வரிசையாக வையுங்கள். போடுமுன் தட்டிப் பாருங்கள். நெல்லை மூடியுள்ள பரலுக்கு மாற்றி, படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். சைக்கிளின் இடம் வெளியே, தாழ்வாரத்தின் கீழ். ரோச் லைற்றை மட்டும் படுத்தபடி கை எட்டும் இடத்தில் தொங்க விடுங்கள். கட்டில் இல்லையென்றால், நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிப் படுப்பது நல்ல காவல். அதையும் மீறிக் கடித்தால் வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். அசைவைக் குறைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இன்னொரு கொழுக்கி கதவோரம் இருக்கட்டும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டு அதில் மாட்டுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. மாரியில் வெள்ளம் ஏறும்போதும் அதே பைதான் முதலில் தேவைப்படும். பலகைக்கும் திருகாணிக்கும் பெரிய செலவு வராது. அரை நாள் வேலை. மழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னர் முடித்துவிடுங்கள்.