சிப்பாய் சம்பளத்தில் வைகிகி

ஹவாயின் ஓவாஹு தீவில், ஹொனலுலு நகரத்தின் வைகிகி கடற்கரையில், அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமான விடுதி ஒன்று இருக்கிறது. பெயர் ஹாலே கோவா. ஹவாய் மொழியில் ‘வீரரின் இல்லம்’ என்று பொருள். உயரமான இரண்டு கட்டடங்களில் 800க்கும் மேற்பட்ட அறைகள். தென்னைகளையும் புல்வெளியையும் தாண்டினால் கடல். முதல் கட்டடமான இலிமா 1975இலும், இரண்டாவதான மைலே 1995இலும் திறக்கப்பட்டன. இரண்டும் ஹவாய் மக்கள் மாலை கட்டப் பயன்படுத்தும் செடிகளின் பெயர்கள். உலகின் விலை உயர்ந்த கடற்கரைகளில் ஒன்றான வைகிகியில், குறைந்த சம்பளம் வாங்கும் ஒரு சிப்பாயும் மனைவி மக்களோடு ஒரு வாரம் தங்கிவிட்டு வர முடிகிறது என்றால் அதற்கு இந்த விடுதியின் கட்டண முறைதான் காரணம்.

இங்கே ஒரே மாதிரி அறைக்கு எல்லோரும் ஒரே தொகை கொடுப்பதில்லை. பதவி உயர உயர வாடகையும் உயரும். புதிதாகப் படையில் சேர்ந்தவருக்கு மிகக் குறைந்த கட்டணம். கர்னலுக்கும் ஜெனரலுக்கும் அதிகம். கடல் முழுதாகத் தெரியும் அறை, தோட்டத்தைப் பார்த்த அறை என்ற வித்தியாசம் இதற்கு மேல் தனி. தனியார் விடுதிகளில் அறை வாடகைக்கு மேல் தினமும் வசூலிக்கும் ‘ரிசார்ட் கட்டணம்’ இங்கே இல்லை. மாநில அரசின் தங்கும் விடுதி வரியும் சேராது. அந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் எவ்வளவு ஆகும் என்பது வைகிகியில் தங்கி வந்தவர்களுக்குத் தெரியும்.

இதை அரசாங்கத்தின் இலவசச் சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. விடுதியை நடத்துவது வரிப்பணம் அல்ல. விருந்தினர் தரும் வாடகையும் உணவகங்களின் வருமானமும்தான். அதாவது மேலதிகாரி கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில்தான் சிப்பாயின் வாடகை குறைகிறது. நியாயமான ஏற்பாடு இது. இதே வகையில் அமெரிக்க ராணுவம் வேறு சில விடுதிகளையும் நடத்துகிறது. ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே ‘ஷேட்ஸ் ஆஃப் கிரீன்’, ஜெர்மனியின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ‘எடல்வைஸ்’, தென்கொரியாவின் சியோலில் ‘டிராகன் ஹில்’. கடற்கரையில் இருப்பது ஹாலே கோவா மட்டுமே.

இவ்வளவு விலை மதிப்புள்ள இடம் ராணுவத்தின் கைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஃபோர்ட் டெருஸி என்ற இந்த வளாகம் ஒரு காலத்தில் மீன்குளங்களும் சதுப்பும் நிறைந்த நிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவம் அதை வாங்கி மேடாக்கி, ஹொனலுலு துறைமுகத்தைக் காக்க 14 அங்குலப் பீரங்கிகளை நிறுத்தியது. விமானங்களின் காலம் வந்ததும் கரையோரப் பீரங்கிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வியட்நாம் போரின்போது இதே வளாகம் ஓய்வு முகாமாக மாறியது. போர்முனையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்த வீரர்கள், அமெரிக்காவிலிருந்து பறந்து வந்த மனைவியரைச் சந்தித்த இடம் இது. திருமணமான வீரர்கள் பலர் ஓய்வு நாட்களுக்கு ஹவாயையே கேட்டு வாங்கியதற்கும் அதுவே காரணம். ‘வீரரின் இல்லம்’ என்ற பெயருக்குப் பின்னால் அந்த நாட்களின் நினைவும் இருக்கிறது.

பணியில் இருப்பவர்கள், ரிசர்வ் படையினர், தேசியக் காவல் படையினர், ஓய்வு பெற்றவர்கள், பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்கள் ஆகியோர் குடும்பத்துடன் இங்கே தங்கலாம். 2018இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, 2020 ஜனவரி 1 முதல் இந்த வாசல் இன்னும் அகலமாயிற்று. போரில் காயம்பட்டு ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் பெற்றவர்கள், முன்னாள் போர்க்கைதிகள், பணியினால் ஏற்பட்ட ஊனத்துடன் வாழும் முன்னாள் வீரர்கள், அவர்களைப் பராமரிக்கப் பதிவு பெற்றவர்கள் ஆகியோருக்கும் உரிமை கிடைத்தது. இந்தப் பட்டியலில் தாங்கள் இருப்பதே தெரியாமல் வெளியில் முழு விலை கொடுத்துத் தங்கும் முன்னாள் வீரர்கள் இருப்பார்கள். எனவே திட்டமிடும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது அடையாள அட்டையைத்தான்.

அடுத்தது தேதி. அமெரிக்கப் படையினருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் சேரும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸும்தான் வசதி. அந்த நாட்களில்தான் அறையும் கிடைக்காது, விமானக் கட்டணமும் ஏறும். பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் உள்ள குடும்பம் செப்டம்பர் முதல் டிசம்பர் முதல் வாரம் வரையிலோ, ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே வரையிலோ போனால் செலவு குறையும். தட்பவெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வைகிகி தெற்குப் பார்த்த கரை என்பதால் குளிர்காலத்தில் கடல் அமைதியாக இருக்கும். அதே நாட்களில் தீவின் வடகரையில் வீடு உயரத்துக்கு அலை எழும்.

தேதி குறிக்கும்போது நிலவையும் பார்த்துக்கொள்வது நல்லது. பௌர்ணமி கழிந்து எட்டு முதல் பத்து நாட்களில், பெட்டி வடிவ ஜெல்லிமீன்கள் இந்தத் தென்கரைக்குக் கூட்டமாக வருகின்றன. கொட்டினால் கடுமையாக வலிக்கும். நம் பஞ்சாங்கக் கணக்கில் தேய்பிறை அஷ்டமி, நவமி, தசமி. ஒரு வாரப் பயணத்தில் இந்த மூன்று நாளும் கடலில் இறங்காமல் கழிந்தால் பாதிப் பயணம் வீண். தேதியை ஒரு வாரம் முன்பின் நகர்த்தினால் போதும், ஒரு காசு கூடுதல் செலவில்லை.

உண்மையில் பணம் கரையும் இடம் அறை அல்ல, ஆகாயம். அறை ஒன்றுதான்; விமான டிக்கெட்டோ தலைக்கு ஒன்று. கலிபோர்னியாவிலிருந்து ஹொனலுலு ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரப் பயணம். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குப் போகவர எட்டு இருக்கைகள். இந்தச் செலவைக் குறைக்கப் படையினருக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. ‘ஸ்பேஸ்-ஏ’ என்று அவர்கள் சொல்வது அதைத்தான். ராணுவச் சரக்கு விமானத்திலும் பயணிகள் விமானத்திலும், வேலை நிமித்தம் போகிறவர்கள் ஏறிய பிறகு காலியாக இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது. கட்டணம் இல்லை, அல்லது மிகச் சொற்பம். தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 70 பவுண்டு வரை, அதாவது சுமார் 32 கிலோ.

வரிசையில் யாருக்கு முன்னுரிமை என்பதை ஆறு பிரிவுகள் தீர்மானிக்கின்றன. குடும்பத்தில் மரணம், பெரிய நோய் போன்ற அவசர விடுப்பில் போகிறவர்கள் முதல் பிரிவு. சாதாரண விடுப்பில் குடும்பத்தோடு போகும் பணியாளர் மூன்றாம் பிரிவு. ஓய்வு பெற்றவர்கள் கடைசியான ஆறாம் பிரிவு. ஒரே பிரிவுக்குள் முன்பு பதிந்தவர் முன்னே. பதிவு பொதுவாக 60 நாள் வரை செல்லும். ஆனால் பணியில் இருப்பவர் விடுப்புத் தொடங்கிய பிறகுதான் பதிய முடியும்; விடுப்பு முடிந்தால் பதிவும் முடிந்தது. ஹவாய்க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் நடுவில் உள்ள டிராவிஸ் விமானப்படைத் தளத்தில் காத்திருப்பார்கள். இறங்குவது பேர்ல் ஹார்பர்-ஹிக்கம் தளத்தில். ஹொனலுலு பயணிகள் விமான நிலையமும் அதே ஓடுபாதைகளைத்தான் பயன்படுத்துகிறது.

இந்த வழியில் உள்ள இடர் பெரிது. நாலு இருக்கை வேண்டிய குடும்பத்துக்கு மூன்று மட்டும் கிடைத்தால் அந்த விமானம் போனது போனதுதான். போகும்போது இரண்டு நாள் தாமதமானால் பதிவு செய்த அறை காலியாகக் கிடக்கும். திரும்பும்போது தாமதமானால் விடுப்புக் கடந்துவிடும். அது ராணுவத்தில் சிறிய குற்றம் அல்ல. அதனால்தான் திரும்பி வரத் தனியார் விமான டிக்கெட் வாங்கும் அளவுக்குப் பணம் கையில் இல்லாமல் யாரும் ஸ்பேஸ்-ஏயில் கிளம்பக் கூடாது என்று அதிகாரிகளே எச்சரிக்கிறார்கள். ஓய்வு பெற்று, நாளைக் கணக்கிடாமல் இருக்கும் தம்பதிக்கு இது அருமையான வழி. கைக்குழந்தையும் பள்ளிப் பிள்ளையும் உள்ள இளம் சிப்பாய்க்கு இது பொருந்தாது. அந்தக் குடும்பம் பல மாதம் முன்னதாகவே டிக்கெட் எடுத்துவிட்டு, மிச்சம் பிடிப்பதை வேறு இடத்தில் பார்ப்பதே நல்லது.

அப்படிப்பட்ட இன்னொரு இடம் சமையல். ஹாலே கோவா அறைகளில் குளிர்பதனப் பெட்டி உண்டு, சமையலறை கிடையாது. ஹவாயில் உண்ணும் பொருள்களில் பெரும்பங்கு கப்பலில் வருவதால் கடைச்சாமான் விலையே அதிகம். உணவகத்தில் இன்னும் அதிகம். மாநிலத்தின் பொது விற்பனை வரி மளிகைச் சாமானுக்கும் உண்டு. எனவே மூன்று வேளையும் வெளியே சாப்பிடும் குடும்பம் அறையில் மிச்சம் பிடித்ததைத் தட்டில் விட்டுவிடும். படையினருக்கான மளிகைக் கடை, அதாவது கமிசரி, பேர்ல் ஹார்பர் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் மிலிட்டரி கேன்டீன் போன்றதுதான். விற்பனை வரி இல்லை. கட்டணத் தொகையில் 5 சதவீதம் மட்டும் கூடுதலாக வாங்குவார்கள். வந்த முதல் நாளே பால், ரொட்டி, பழம், குடிநீர் வாங்கிவைத்துக் காலை உணவை அறையில் முடித்துக்கொள்வது, மதியம் ஒரு தட்டுச் சோறு பகிர்ந்துகொள்வது, இரவு மட்டும் உணவகம் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள்.

முழுக்க சமைத்துச் சாப்பிட விரும்பும் குடும்பத்துக்கு ஓவாஹுவிலேயே வேறு ராணுவத் தங்குமிடங்கள் உள்ளன. மலைத்தொடருக்கு அப்பால், வைமனாலோ கரையில் பெல்லோஸ் விமானப்படை நிலையம் இருக்கிறது. கடலை ஒட்டி வரிசையாகச் சிறு குடில்கள், ஒவ்வொன்றிலும் சமையலறை. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரோடு சேர்த்து ஜப்பான் தாக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கர்களிடம் பிடிபட்ட முதல் ஜப்பானியப் போர்க்கைதி கரையேறிச் சிக்கியதும் இந்தக் கடற்கரையில்தான். மேற்குக் கரையில் வையானை ஊரில் பிலிலாவு ராணுவ ஓய்வு மையம் உண்டு. கொரியப் போரில் 1951இல் உயிர் நீத்து, மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்ற முதல் ஹவாய் பூர்வகுடி வீரர் ஹெர்பர்ட் பிலிலாவுவின் பெயர் அதற்கு.

குடிலா விடுதியா என்பதைக் காரை வைத்து முடிவு செய்யலாம். குடிலில் தங்கினால், கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. கடைக்கும் கார், ஊர் பார்க்கவும் கார். ஹாலே கோவாவில் கார் தேவையே இல்லை. நகரப் பேருந்து எல்லாப் பக்கமும் போகிறது. வைகிகியில் கார் நிறுத்தவே தினமும் ஒரு தொகை அழ வேண்டும். கார் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் எதிரெதிரே வைத்துக் கூட்டிப் பார்த்தால், இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்றால் விடுதி மலிவாக முடியலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் குடில்தான்.

பொழுதுபோக்குக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. விடுதி வளாகத்துக்குள்ளேயே, பழைய பீரங்கிக் கோட்டையான பேட்டரி ராண்டால்ஃபில் ராணுவ அருங்காட்சியகம் இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1911இல் கட்டிய அந்தக் கான்கிரீட் சுவர்களை இடிக்க முயன்று முடியாமல்தான் அருங்காட்சியகமாக்கினார்கள் என்பார்கள். அதே 1941 தாக்குதலில் பேர்ல் ஹார்பரில் மூழ்கிய யு.எஸ்.எஸ். அரிசோனா கப்பலின் மேல் 1962இல் எழுப்பிய நினைவு மண்டபத்துக்குப் படகில் இலவசமாகவே அழைத்துப் போகிறார்கள். முன்பதிவுக்கு மட்டும் ஒரு டாலர் அளவில் கட்டணம். அந்த ஒரு கப்பலில் இறந்தவர்கள் 1,177 பேர். படைக் குடும்பத்துப் பிள்ளைகள் கடலில் ஆடிவிட்டு அங்கேயும் ஒரு காலை நின்று வருவது அவசியம். இறந்தவர்களில் பலர் அவர்கள் அண்ணன் வயதுக்காரர்கள்.

கிளம்பும் முன் பெட்டியில் வைக்க வேண்டிய ஒன்று வெயில் களிம்பு. பவளப்பாறைகளைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த களிம்பை ஹவாயில் விற்பதற்கு 2021 ஜனவரி முதல் தடை உள்ளது. அவை இல்லாத களிம்பை ஊரிலேயே வாங்கிப் போனால் விலையும் குறைவு, பாறைக்கும் பாதிப்பில்லை.

ராணுவ அட்டை இல்லாதவர்களுக்கு ஹாலே கோவாவில் அறை கிடையாது. ஆனால் ஹவாய்ச் சட்டப்படி கடற்கரைகள் எல்லாம் பொதுமக்களுக்கு உரியவை. விடுதிக்கு எதிரே உள்ள ஃபோர்ட் டெருஸி கடற்கரையில் யார் வேண்டுமானாலும் துண்டை விரித்து உட்காரலாம், கடலில் குளிக்கலாம். அட்டை கேட்பார் இல்லை.