செவ்வாய்ப் பொங்கல் தெரியும், லா பொங்கல்?

கோவிலூர் மடம், கொற்றவாளீஸ்வரர் கோவில் சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் திருவிழா என்றால் நையாண்டி மேளம்தான். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு. கரகம் ஆடுகிறவர் தலையில் செம்பு அசையாமல் நிற்க, பபூன் வேஷக்காரர் முன்வரிசையில் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார். இன்று மேடையில் கீபோர்டும் ரிதம் பேடும். பம்பைச் சத்தம் வேண்டுமா, பேடில் ஒரு கட்டத்தைக் குச்சியால் தட்டினால் போதும். பம்பைக்காரருக்கு வண்டிச்சத்தம் மிச்சம்.

அந்தக் கச்சேரிகளில் தவறாமல் கேட்பது அந்தோணிதாசன் பாடிப் பிரபலமான பாட்டுகள்: 'சூது கவ்வும்' (2013), 'ஜிகர்தண்டா' (2014). கேட்கிறவர்களுக்கு அவர் சினிமாப் பாடகர். அதற்கு முன்பே 'லா பொங்கல்' என்றொரு பேண்டில் பாடினவர் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள்.

தஞ்சை ரெட்டிப்பாளையத்தில் நாட்டுப்புறக் கலைக் குடும்பத்தில் பிறந்து, கரகாட்ட மேடையில் ஆடிப்பாடி வளர்ந்தவர் தாசன். சென்னையில் தர்புகா என்ற அரபு நாட்டுத் தாளக்கருவியை வாசித்துப் பெயரெடுத்தவர் சிவா. 2010களின் தொடக்கத்தில் இவர்கள் சேர்ந்த பேண்டு அது. கிராமத்துப் பாட்டோடு கிடாரைச் சேர்க்கும் பலர், முதலில் பாடகரின் குரலைப் பாலிஷ் போட்டுவிடுவார்கள். தாசன் இங்கே தெருவில் பாடும் அதே தொண்டையோடுதான் பாடினார். எனக்குப் பிடித்தது அதுதான்.

சில வருஷம்தான். பிறகு ஆளுக்கொரு வழி. சிவா 'கிடாரி'க்கு (2016) இசையமைத்தார். 2017இல் 'மறுவார்த்தை' பாட்டு வெளிவந்தபோது இசையமைப்பாளர் பெயரை 'மிஸ்டர் எக்ஸ்' என்று மறைத்து வைத்திருந்தார்களே, அவரும் இவர்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கனடாவின் டொராண்டோவில் 'மைனா பேர்ட்ஸ்' என்றொரு பேண்டு. 1966இல் பாடல்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓடிவந்த குற்றத்துக்காகப் பாடகர் ரிக் ஜேம்ஸ் சிக்கிக்கொள்ள, பேண்டு உடைந்தது. கிடார் வாசித்த நீல் யங் உலகப்புகழ் பெற்றார்.

ஆனால் 1971இல் கனடா ஒரு விதி கொண்டுவந்தது: ஏ.எம். வானொலியில் ஒலிக்கும் பாட்டில் 30 சதவீதம் கனடாக்காரர்களுடையதாக இருக்க வேண்டும். நம் எஃப்.எம்.மிலோ சினிமாப் பாட்டு விட்ட இடத்தில் விளம்பரம், விளம்பரம் விட்ட இடத்தில் சினிமாப் பாட்டு. சினிமா பேண்டைக் கூப்பிடுவதில்லை, பாடகரைத் தனியாகக் கூப்பிடுகிறது. கூப்பிட்டால் போகாமல் வயிறு நிறையுமா? விழாக் கமிட்டியும் கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, எல்லாருக்கும் தெரிந்த பாட்டாகப் பாடச் சொல்லிவிடுகிறது. ரெண்டே ரெண்டு சொந்தப் பாட்டுக்கு அனுமதித்தால் திருவிழா ஒன்றும் நின்றுவிடாது.