ஊழியர் பிழையும் சங்கத்தின் பொறுப்பும்

திரேஸ்புரம் கரையில் சங்கு குளிப்போரும் மீன் பிடிப்போரும் கரையேறும் வேளை ஒரே சீரானதன்று. கடன் தவணையைச் செலுத்த அவர்கள் வரும்போது சங்கக் காரியாலயம் பூட்டியிருக்கலாம். வழியில் எதிர்ப்படும் குமாஸ்தா அயல்வீட்டுக்காரராயின், தொகையை அவர் கையிலேயே கொடுத்துவிடத் தோன்றும். நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் இது புதிதன்று. அத்தொகை கணக்கில் ஏறாவிடில் பொறுப்பாளி யார்? குமாஸ்தாவா, சங்கமா?

ஊழியன் தன் வேலையின் போக்கில் செய்த பிழைக்கு எஜமானன் ஈடு செய்யவேண்டும் என்பது பொது விதி. இங்கிலாந்தில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் குமாஸ்தா, ஆலோசனை கேட்க வந்த விதவையின் இரு வீடுகளை ஏமாற்றித் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். மோசடி அவனுடைய சுயலாபத்திற்கேயாயினும் நிறுவனமே பொறுப்பு என்று 1912-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆயினும் இவ்விதிக்கு எல்லை உண்டு. அலகாபாத்தில் இம்பீரியல் பாங்கியில் கணக்கு வைத்திருந்த ஓர் அம்மையாரின் கணவர், பாங்கி ஊழியரான தம் அண்டைவீட்டு நண்பரிடம் பணம் கொடுத்துக் கணக்கில் கட்டச் சொன்னார், ரசீது பெறவில்லை. பணம் கையாடப்பட்டது. அப்பாங்கி 1955-இல் ஸ்டேட் பாங்கியாயிற்று. ஊழியர் அப்பணத்தை நண்பர் என்ற முறையில் பெற்றாரேயன்றிப் பாங்கி அலுவலாகப் பெறவில்லை. ஆகவே பாங்கி பொறுப்பன்று என்று 1978-இல் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது.

இழப்பை ஈடு செய்வது வேறு. தண்டிக்கும் பொருட்டு அதற்கு மேலும் விதிக்கப்படும் தொகை வேறு. அமெரிக்காவில் ஒரு ரயில் கண்டக்டர் பிரயாணி ஒருவரை முறைகேடாகக் கைது செய்வித்தார். கம்பெனி அச்செயலுக்கு உத்தரவிடாமலும் பின்னர் அதனை ஏற்காமலும் இருக்கையில், அதன்மீது தண்டனைத் தொகை விதிக்கலாகாது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1893-இல் கூறிற்று. நம் நாட்டிலோ, லக்னோ வளர்ச்சி ஆணையம் ஒருவருக்கு வீட்டை ஒப்படைக்கத் தாமதித்த வழக்கில், அவர் பட்ட மனவேதனைக்காக 10,000 ரூபாய் அளிக்கவும், அதனைக் காரணமான அதிகாரிகளிடமே வசூலிக்கவும் 1993-இல் சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. கொடுக்கப்படுவது வரி செலுத்துவோர் பணம் என்பதே அதற்குக் கூறிய காரணம்.

இது நமக்கும் பொருந்தும். சங்கம் கொடுக்கும் நஷ்ட ஈடு நம் பங்குப் பணமேயாகும். இழப்பு விளைவித்தவரிடம் தண்டத்தீர்வை மூலம் அதனை மீட்க 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு வழி செய்கிறது. எனினும் போன பணம் திரும்ப நாளாகும்.

ஆகையால் அங்கத்தினர் காரியாலயத்திலேயே பணம் கட்டி, எண்ணும் முத்திரையும் உள்ள ரசீதை உடனே பெறுக. வெளியில் வசூலிக்க உரிமை பெற்றவர் யார் என்பதை நிர்வாகக் குழு எழுதி ஒட்டுக; இருப்புப் பணத்தை முன்னறிவிப்பின்றிச் சரிபார்க்க; புகார் வந்தால் அன்றே விசாரிக்க. தெரிந்தும் வாளாவிருப்பது பிழைக்கு உடன்படுவதாகவே கொள்ளப்படும்.