சீனிக் கணக்கு – 9: கணையம் இல்லாத நாய்கள்

நடக்கும்போது தசை இன்சுலினைக் கேளாமலேயே சீனியை இழுத்துக்கொள்ளும் என்று போன கிழமை எழுதினேன். இந்தக் கிழமை அதிரினலின் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஸ்னோ அள்ளிவிட்டு வந்து பார்த்தால் மீற்றரில் சீனி ஏறி நிற்கிறதே, ஏன் என்று ஸ்காபரோவில் ஒரு மாமா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எழுத உட்கார்ந்தபோது குளுக்ககன் என்ற ஹோர்மோன் குறுக்கே வந்து நின்றுவிட்டது. நாலு நாளாக வேறொன்றும் மனதில் ஓடவில்லை.

கணையத்திலிருந்துதான் (பள்ளிக்கூடத்தில் நாங்கள் சதையி என்று படித்தது) இன்சுலினும் குளுக்ககனும் இரண்டுமே வருகின்றன. ஒன்று சீனியை ஈரலில் பூட்டி வைக்கும், மற்றது திறந்து விடும். வருத்தமில்லாத ஒருவர் நடக்கத் தொடங்கினால் அவருடைய இன்சுலின் இறங்கும், குளுக்ககன் ஏறும். தசை எடுக்க எடுக்க ஈரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு மணி நேரம் நடந்தாலும் அவருடைய இரத்தச் சீனி பெரிதாக அசைவதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலை அளந்தவர்களில் முக்கியமான ஒருவர் நம்முடைய ரொறன்ரோக்காரர், மிலடன் வ்ரானிச். 1930இல் ஸாக்ரெப் நகரில் பிறந்தவர். 1963இல் இங்கே வந்து சார்ள்ஸ் பெஸ்ற்றிடம் சேர்ந்தார். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்ரிங்குக்குப் பக்கத்தில் நின்ற அதே பெஸ்ற். கொடுக்கல் வாங்கலை அளக்க மீற்றர் போதாது. அது நமக்குக் காட்டுவது கணக்கில் இருக்கிற மீதியை மட்டும்தான். ஈரல் எவ்வளவு போட்டது, தசை எவ்வளவு எடுத்தது என்பது அதில் தெரியாது. ஜெரல்ட் ரென்ஷோல் என்பவர் கதிரியக்க அடையாளமிட்ட சீனியை இரத்தத்தில் விட்டு, வரவையும் செலவையும் தனித்தனியாக எடுக்கும் முறையை இங்கே வளர்த்திருந்தார். வ்ரானிச் அதை வைத்துக்கொண்டு நாய்களை ஓடவிட்டுக் கணக்கெடுத்தார்.

நாய்கள் என்றதும் 1921 வந்துவிடுகிறது. அந்த வருடம் பான்ரிங்கும் பெஸ்ற்றும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கணையத்தை எடுத்துவிட்ட நாய்களுக்குக் கணையச் சாறு ஏற்றிப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய் அப்படிச் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரி 11ஆம் தேதி, ரொறன்ரோ ஜெனரல் மருத்துவமனையில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி. இதெல்லாம் நாம் அறிந்த கதை. கணையம் போனால் அதில் சுரக்கிற எல்லாமும் போய்விடும் என்பதுதான் அதற்குப் பிறகும் வெகுகாலம் எல்லோருடைய கணக்கும்.

1974இல் வ்ரானிச்சின் குழு, கணையம் முழுவதும் எடுக்கப்பட்ட நாய்களின் இரத்தத்தில் குளுக்ககனை அளந்தது. இருந்தது! அதுவும் நிறைய இருந்தது. எங்கிருந்து? வயிற்றிலிருந்து. நாயின் இரைப்பைச் சுவரே குளுக்ககனைச் சுரக்கிறது.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்படியென்றால் மார்ஜரியின் உடம்பிலும் அது இருந்திருக்கும்தானே? இன்சுலின் இல்லாமல் சீனி உச்சத்துக்கு ஏறியதில், வயிற்றிலிருந்து வந்து ஈரலைத் திறந்துகொண்டிருந்த குளுக்ககனுக்கும் பங்கு இருந்திருக்கும். பான்ரிங்கால் அதைக் கண்டிருக்க முடியாது. குளுக்ககன் என்ற பெயரே 1923இல்தான் வந்தது, அதை அளக்கும் முறை 1959இல். அரை நூற்றாண்டு கழித்து, அதே ஊரில், பெஸ்ற்றின் மாணவரிடம்தான் அது வெளிப்பட்டது. காலேஜ் தெருவில் பான்ரிங் பெயரிலும் பெஸ்ற் பெயரிலும் உள்ள கட்டடங்களை 506ஆம் இலக்க ஸ்ட்ரீட்காரில் எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன். இந்தக் கிழமை இறங்கி, குளிருக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். மனித வயிறு இந்த விடயத்தில் நாயைப் போல இல்லை. ஆனாலும் கணையம் இழந்த மனிதர்களிடமும் குடலிலிருந்து குளுக்ககன் வருகிறது என்று 2016இல் டென்மார்க்கில் காட்டிவிட்டார்கள்.

இது நமக்கு எதற்கு என்றால், ஸ்காபரோ டவுன் சென்ரரில் கடைகள் திறக்கும் முன் நடக்க வருகிற எங்கள் கூட்டத்தில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது சுற்றில் ஓர் அக்கா பேச்சை நிறுத்தினா. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, கை நடுங்குகிறது. பிடித்து இருத்தி விரலில் குத்திப் பார்த்தால் சீனி 3.4க்கு இறங்கி நிற்கிறது. ஒருவர் ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்தார்.

"அக்கா, ஊசி எங்க போட்டனீங்கள்?"

"வழக்கமா வயித்திலதான் தம்பி. இண்டைக்கு அவசரத்தில தொடையில போட்டிட்டு வந்திட்டன்."

தன் கணையத்து இன்சுலின் என்றால் நடை தொடங்கியதும் தானாகக் குறைந்திருக்கும். ஊசியால் போட்ட இன்சுலினுக்கு நாம் நடக்கிறோம் என்பது தெரியாது. அதோடு வேலை செய்கிற காலில் இரத்தம் பெருகி ஓடுவதால், அங்கே போட்ட மருந்து இன்னும் விரைவாக உறிஞ்சப்படுகிறது. 1977இல் கவாமோரியும் வ்ரானிச்சும் ஓடும் நாய்களில் இதைக் காட்டினார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில், சைக்கிள் மிதித்த மனிதர்களின் காலிலும் அப்படியே கண்டார்கள். இன்சுலின் ஏறி நிற்கும்போது ஈரலின் கதவும் சாத்தப்பட்டுவிடும். காப்பாற்ற வேண்டிய குளுக்ககனோ, முதலாம் வகை நீரிழிவுக்காரருக்குச் சீனி எவ்வளவு இறங்கினாலும் சில வருடங்களிலேயே சரியாக எழும்பி வராமல் போகிறது. ஆகவே இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுக்கிறவர்கள், நடக்கிற நாளுக்கான அளவை வைத்தியரிடம் கேட்டு வைத்திருங்கள். பொக்கற்றில் 15 கிராம் சீனிக்கு ஏதாவது இருக்கட்டும். சாப்பிட்டு 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். நடக்கிற நாளில் ஊசிக்குத் தொடை வேண்டாம்.

இரண்டாம் வகைக்காரருக்குக் கதை பாதி தலைகீழ். சாப்பிட்ட பிறகு அடங்க வேண்டிய குளுக்ககன் அவர்களில் அடங்காமலே நிற்கும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாமாவின் ஸ்னோவும் அடுத்த கிழமைக்குப் போகிறது. யோர்க் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ரிடெல் என்ற ஆய்வாளர் இருக்கிறார். தானே முதலாம் வகை நீரிழிவோடு வாழ்ந்துகொண்டு இதையே ஆராய்கிறவர். அவரிடமிருந்து தொடங்குவோம். மாமா, அதற்குள் இன்னொரு தரம் கொட்டினால், சவலை எடுக்க முன் ஒருக்கா, வைத்த உடனே ஒருக்கா, ஒரு மணித்தியாலம் கழித்து ஒருக்கா குத்திப் பார்த்து மூன்று இலக்கத்தையும் எழுதி வையுங்கோ.