கல்லைத் தூக்கவே இரண்டு பேர்

மழை விட்டதும் செம்பரம்பாக்கத்தில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடை வாசலில் நின்று பாருங்கள். தேங்கிய தண்ணீரில் ஆயில் திட்டுத் திட்டாக மிதக்கும். காலால் கலக்கிவிட்டாலும் ஒட்டாது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள இந்தப் பகையை வைத்து 1796 வாக்கில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் ஓர் அச்சு முறையைக் கண்டுபிடித்தார். நாடகம் எழுதுகிறவர், எழுதியதை மலிவாக அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தவர். முறையின் பெயர் லித்தோகிராஃபி. தமிழில் கல்லச்சு, அச்சகத்துக்காரர்கள் வாயில் வெறும் லித்தோ.

மரக்கட்டை அச்சில் கோடு மேடாக நிற்கும், செப்புத் தகட்டில் பள்ளமாக இருக்கும். கல்லச்சில் இரண்டும் கிடையாது, கல் வழவழவென்று சமமாக இருக்கும். அதன்மேல் கொழுப்பு கலந்த கிரேயானால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். வேலம்பிசினில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசினால், வரையாத இடமெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் குணத்துக்கு வந்துவிடும். பிறகு டர்பன்டைன் ஊற்றிப் படத்தைத் துடைத்துவிடுவார்கள்! முதல் தடவை பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். கண்ணுக்குத்தான் படம் இல்லை, கொழுப்பு கல்லில் ஊறியிருக்கிறது. கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், போன படம் கறுப்பாக எழுந்து வரும்.

எந்தக் கல்லானாலும் இதற்கு ஆகிவிடாது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லுக்கு இணை இல்லை என்பார்கள். அவ்வளவு நெருக்கமான, நுண்ணிய மணி. 15 கோடி ஆண்டுப் பழைய அந்தப் படிவில் 1861இல் ஆதிப்பறவை ஒன்றின் இறகுகூட மங்காமல் கிடைத்தது. அச்சுக் கல்லில் கிடைத்ததால் அதன் அறிவியல் பெயரே ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா.

இரண்டடிக்கு இரண்டரை அடி, மூன்று அங்குலக் கனமுள்ள கல் ஏறக்குறைய 90 கிலோ தேறும். ஒருவரால் தூக்க முடியாது. இந்தக் கலையில் கூட்டு என்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒருவர் பஞ்சால் கல்லை ஈரமாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் உருளை ஓட்ட வேண்டும். ஈரம் ஒரு நொடி காய்ந்தால் வரையாத இடத்திலும் மை பிடித்துப் படம் கெடும். கூடினால் மை சரியாக ஏறாது. தாளைத் தொட மை படாத மூன்றாவது கை இருந்தால் நல்லது. அச்சடித்து முடிந்ததும் கல்லின்மேல் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, அம்மியில் அரைப்பதுபோல் இன்னொரு கல்லை வைத்துத் தேய்த்துப் படத்தை அழிப்பார்கள். நேற்று ஒருவர் வரைந்த கல்லில் இன்று வேறொருவர் வரைவார். சரியாகத் தேய்க்காவிட்டால் முந்தினவருடைய படம் ஆவிபோல எட்டிப் பார்க்கும்.

இந்தியாவில் இந்தக் கூட்டு வேலையின் பெரிய சாட்சி, 1894இல் மும்பையில் ஓவியர் ரவி வர்மா தொடங்கிய அச்சகம். நம் வீட்டுச் சுவர்களின் லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரித்து, புள்ளி புள்ளியாகக் கல்லில் ஏற்றியவர்கள் அச்சகக் கைவினைஞர்கள். படத்தில் இருப்பது ரவி வர்மா பெயர் மட்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவில் ஜூன் வேய்ன் 1960இல் தொடங்கிய டாமரிண்ட் பட்டறை இதைக் கொஞ்சம் சரிசெய்தது. அங்கே ஓவியரும் அச்சுக் கலைஞரும் கல்லின் முன் கூட்டாளிகள். தாளின் ஓரத்தில் ஓவியர் பென்சிலால் கையெழுத்திட, அச்சிட்டவரின் சிறு முத்திரையும் மையின்றி அழுத்திப் பதியும். தேவகோட்டையில் பிறந்து சென்னை அரசு கலைக் கல்லூரியில் படித்த ஆர். எம். பழனியப்பன் 1991இல் அங்கே போய் லித்தோ பயின்றார். பின்னாளில் சென்னை லலித் கலா அகாடமியின் பொறுப்பையும் ஏற்றார். கிரீம்ஸ் சாலையில் உள்ள அதன் வளாகத்தில் ஓவியர்கள் சேர்ந்து பயன்படுத்தும் அச்சோவியப் பட்டறை உண்டு. தனியாக ஓர் ஓவியர் கல்லும் பிரஸ்ஸும் வாங்கிப் போடுவது கட்டுப்படியாகாது என்பதால், இப்படிப்பட்ட பொதுப் பட்டறைகளை நம்பித்தான் இந்தக் கலை நிற்கிறது.

கல் போய் அலுமினியத் தகடு வந்து, மை ரப்பர் உறை வழியாகத் தாளுக்குப் போவதுதான் ஆஃப்செட். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலிருந்து வெளியேறும் பொருள்களோடு வரும் கையேடுகளிலும் அதே எண்ணெய்–தண்ணீர்ப் பகைதான் வேலை செய்கிறது. செல்போன் சிப்பில் ஒளியால் கோடு வரையும் முறைக்கும் ஃபோட்டோலித்தோகிராஃபி என்றே பெயர்; அதில் கல்லும் இல்லை, தண்ணீர்ப் பகையும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம்.

வீட்டில் பாட்டி காலத்துச் சாமி படம் இருந்தால் பூதக்கண்ணாடியை எடுத்துக் கன்னத்தின்மேல் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் அணிவகுத்தாற்போல் ஒரே சீராக இருந்தால் அது ஆஃப்செட். பெரிதும் சிறிதுமாக, தாறுமாறாகச் சிதறியிருந்தால், பெயர் தெரியாத யாரோ ஒருவர் கல்லின்மேல் குனிந்து ஒவ்வொன்றாக வைத்தவை.