கீழாநெல்லியும் மஞ்சட்காமாலையும்

மழைக்காலத்தில் வயல் வரப்பிலும், வேலியோரத்திலும், ஏன், நம் பள்ளி விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலுங்கூடத் தானாகவே முளைத்துக் கிடக்கும் ஒரு சிறு செடியைத் தோழியர் பலர் மிதித்துக்கொண்டே போயிருப்பீர்கள். ஓர் அடி, ஒன்றரை அடிக்கு மேல் அது வளராது. கிளையைத் திருப்பிப் பார்த்தால், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் கீழ்ப்புறம் காய்ப்பதால்தான் அதற்குக் கீழாநெல்லி என்று பெயர். காமாலை என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார் தேடிப் போவது இச்செடியைத்தான். அவர்களுடைய நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

காமாலை என்பது தனி நோயன்று. நோயின் அடையாளமே ஆகும். நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அப்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கல்லீரல் பழுதுபட்டால் அப்பொருள் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கண்கள் மஞ்சளாகின்றன, சிறுநீர் கறுத்த தேநீர் போல இறங்குகிறது.

கல்லீரலைப் பழுதாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று பெயரிட்டிருக்கின்றனர். ஏ, ஈ ஆகிய இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் வருபவை. 1955-ஆம் ஆண்டு இறுதியில் டில்லியில் சாக்கடை நீர் யமுனையின் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. அதனால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஈ வகை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. பி, சி, டி மூன்றும் இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. பி வகை தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும்.

இந்த வேற்றுமையை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஏ வகைக் காமாலை வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓய்வும் உணவும் கிடைத்தாலே சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டொரு மாதங்களில், தாமாகவே குணமடைந்துவிடுவர். அந்நாட்களில் கீழாநெல்லி கொடுத்தால் கீழாநெல்லி குணப்படுத்தியது என்போம். மந்திரித்தால் மந்திரம் என்போம். கையில் சூடு போடுவோருங்கூட இப்படித்தான் பெயர் வாங்கிவிடுகிறார்கள்! பாவம், சூடு பட்ட புண் ஆறுவதற்குள் காமாலை ஆறிப்போகும்.

ஆனால் கீழாநெல்லியை மந்திரத்தோடு சேர்த்துத் தள்ளிவிடவும் முடியாது. விஞ்ஞானிகள் அதை முறையாகவே சோதித்திருக்கின்றனர். சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும், பி வகை வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும், வேறு சிலரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பி வகை வைரஸை நெடுநாளாக உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு உலர்ந்த கீழாநெல்லித் தூளை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தனர். 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறுந்தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே நம் வேலியோரச் செடியைத் திரும்பிப் பார்த்தது எனலாம்.

பிறகு தாய்லாந்து முதலிய இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களும் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினர். செடியிலேயே குழப்பம் உண்டு. ஒன்றுபோலவே தோன்றும் பல இனங்களை நம்மவர் கீழாநெல்லி என்றே பறிக்கின்றனர். புத்தகங்களும் வெகுகாலம் அவற்றை ஒரே பெயரால் குறித்து வந்தன. எனக்குத் தோன்றுவது இதுதான்: கீழாநெல்லி உதவலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கும் அளவுக்கு அது நிரூபிக்கப்படவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு எட்டாம் மாதத்தில் கண் மஞ்சளாயிற்று. ஞாயிறு விடியற்காலையில் வெறும் வயிற்றில் பச்சிலை கொடுக்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதற்காக வீட்டார் மூன்று நாட்கள் காத்திருந்தனர். மூன்றாம் நாள் இரவு அக்கா பேச்சுத் தடுமாறி, பகலா இரவா என்று தெரியாமல் கேட்கத் தொடங்கிய பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அக்கா பிழைத்துக்கொண்டார்; குழந்தை பிழைக்கவில்லை. ஈ வகைக் காமாலை பிறருக்குச் சாதாரணமாக வந்து போகலாம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் ஐந்தில் ஒருவர் உயிரிழக்கும் அளவுக்குக் கொடியது. அவர்களுக்கு ஒரு நாள் தாமதமும் ஆகாது. யாராயிருந்தாலும், ஓயாத வாந்தி, மயக்கம், புத்தித் தடுமாற்றம், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் காட்டிய பிறகு பாட்டி மோரில் கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்க விரும்பினால், அதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சாக்கடை ஓரத்தில் பறித்த செடியைக் கழுவாமல் அரைத்தால், நோயாளிக்குப் புதுக் கிருமிகளைக் கொடுப்பதாகிவிடும். காமாலைக்கு நல்லதென்று கடைத்தெருவில் வாங்கும் கரும்புச்சாறும் அப்படியே. அதில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ! சாற்றைக் கண்ணிலும் மூக்கிலும் விடுவது அறவே கூடாது. உப்பும் எண்ணெயும் நீக்கிக் கஞ்சி மட்டும் கொடுக்கும் கடும் பத்தியம் தேவையில்லை என்றும், பசிக்கேற்ப இட்லி, சோறு, பருப்பு, பழம் கொடுக்கலாம் என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். காய்ச்சல் மாத்திரையும் அவரைக் கேட்டே தர வேண்டும்.

மூலிகை என்றாலே தீங்கில்லை என்பதும் சரியன்று. சீந்தில் கொடியை உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பழுதுபட்ட ஈரலுக்கு எந்தப் புது மருந்தும் ஒரு சுமையே என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொல்வார்.

சி வகையை இன்று ஏறத்தாழ 12 வார மாத்திரைகளால் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாக்க முடிகிறது. பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். நம்மில் யார் யாருக்குப் போட்டிருக்கிறது என்பது வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் தெரியும்.